புரோக்கர் இல்லாமல் சொந்த வீட்டை விற்பது: வில்லங்கம் எடுப்பதிலிருந்து சாவி கொடுப்பது வரை

வீட்டை விற்கப் போகிறோம் என்று வெளியில் தெரிந்ததும் முதலில் வாசலுக்கு வருபவர் புரோக்கர்தான். "ரெண்டு பர்சென்ட் போதும் சார், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பார். திருச்சி வயலூர் ரோட்டுப் பக்கம் அப்பா 1992-இல் கட்டிய எங்கள் வீடு 68 லட்சத்துக்கு முடிந்தது. அதில் இரண்டு சதவீதம் 1,36,000 ரூபாய். அந்தப் பணம் அம்மாவின் கையில் இருக்கட்டும் என்றுதான் நாங்களே விற்க இறங்கினோம்.

ஆள் பிடிப்பதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். போர்டு மாட்டிய மூன்றாம் நாளே ஆள் வந்தார்கள். சிரமம் முழுக்கக் காகிதத்தில் இருந்தது. முதலில் வந்த நல்ல பார்ட்டியை நாங்கள் இழந்ததும் காகிதம் தயாராக இல்லாததால்தான். அதனால் இந்த வழிகாட்டியில் காகிதத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் தனி வீடு விற்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஃபிளாட் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

யாரிடமும் சொல்லும் முன் வில்லங்கம் எடுங்கள்

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்துக்குப் போய், உங்கள் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் போட்டு 30 வருட வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, பாருங்கள். திரையில் பார்க்கக் காசு இல்லை. பார்த்தால் மட்டும் போதாது, அச்செடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவையும் உங்கள் கையில் இருக்கும் பத்திரங்களோடு ஒப்பிட்டு டிக் அடியுங்கள்.

நாங்கள் இதைப் போர்டு மாட்டிய பிறகு செய்தோம். அப்பா 1997-இல் மாடி எடுப்பதற்காகக் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் ஒன்றில் கடன் வாங்கியிருந்தார். 2006-இல் கட்டி முடித்து, பத்திரத்தைத் திரும்ப வாங்கி, மஞ்சள் பையில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டார். கடன் தீர்ந்தது என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். வில்லங்கத்தில் மட்டும் அந்த அடமானம் அப்படியே நின்றது. காரணம் இதுதான்: அடமானம் பதிவு ஆகியிருந்தால், அது தீர்ந்தது என்பதற்கான ரசீது ஆவணத்தையும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். கடன் கொடுத்தவர் எழுதிக் கொடுத்த 'பாக்கி இல்லை' கடிதம் வில்லங்கத்தில் ஏறாது.

சங்கத்தில் போய்க் கேட்டால் பழைய லெட்ஜரைத் தேட வேண்டும் என்றார்கள். அங்கே நடையாய் நடந்து ரசீது ஆவணம் பதிவாக இரண்டரை மாதம் ஆனது. அதற்குள், அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்த அந்தத் தம்பதியின் வங்கி வக்கீல் வில்லங்கத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் வேறு வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது வங்கிகள் பத்திரத்தை ஒப்படைக்க வைத்து, அதற்கு ஓர் ஆவணம் பதிவு செய்து கடன் கொடுக்கின்றன. அதற்கும் இதே கதைதான்: கடன் முடிந்ததும் ரசீது பதிவாக வேண்டும். கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டை விற்கலாம். முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கையும், வங்கியிடம் என்னென்ன பத்திரங்கள் இருக்கின்றன என்ற பட்டியலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குபவரின் வங்கி உங்கள் கடன் கணக்குக்கு நேராகப் பணம் கட்டி, மீதியை உங்களுக்குத் தருவது வழக்கமாக நடப்பதுதான்.

கோப்பில் இருக்க வேண்டியவை

உங்கள் பெயரில் உள்ள கிரயப் பத்திரத்தின் அசல். அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், அசல் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்து நகல். பட்டா. மாநகராட்சி, நகராட்சிப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல். கட்டட வரைபட அனுமதி. நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்துவரி ரசீது, குடிநீர்க் கட்டண ரசீது, கடைசி மின்கட்டண ரசீது. ஃபிளாட் என்றால் மனையில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்கு எவ்வளவு என்பது பத்திரத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, குடியிருப்போர் சங்கத்தில் பாக்கி இல்லை என்ற கடிதமும் வேண்டும்.

பட்டா விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும், பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும். நிறைய வீடுகளில் இப்படித்தான். பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ள பரப்பும் ஒத்துப் போகிறதா, சர்வே எண் உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தப்பு இருந்தால் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து இப்போதே சரிசெய்யுங்கள். வாங்குகிறவர் வந்து உட்கார்ந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால், அந்த அவசரமே உங்கள் விலையைக் குறைத்துவிடும்.

வரைபட அனுமதியில் தரைத்தளம் மட்டும் இருந்து, நீங்கள் மேலே ஒரு தளம் எழுப்பியிருந்தால் அதை மறைக்காதீர்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து அளக்கும்போது தெரிந்துவிடும். அனுமதி இல்லாத பகுதிக்கு வங்கி மதிப்புப் போடத் தயங்கும். அதை விலை சொல்லும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அசல் பத்திரம் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார், பத்திரிகையில் அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்று என்று ஒரு வரிசை இருக்கிறது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள்.

எல்லாம் சேர்ந்ததும் நீங்களே ஒரு வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குபவர் எப்படியும் தன் வக்கீலிடம் காட்டப் போகிறார். ஓட்டை இருந்தால் அது உங்களுக்கு முதலில் தெரிவது நல்லது. புரோக்கருக்குக் கொடுக்காத பணத்தில் ஒரு சிறு பங்கை இங்கே செலவு செய்யலாம், தாராளமாக.

யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மா, நான், என் தங்கை மூவரும் வாரிசு. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் எடுத்து, பட்டாவில் மூவர் பெயரையும் ஏற்றினோம். மூவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம்.

கல்யாணம் ஆகிப் போன பெண்ணின் கையெழுத்து வேண்டாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில், உயில் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 1956 முதலே மகளுக்கும் சமபங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-இல் பெண்களுக்கு உரிமை கொடுத்தது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. ஒரு வாரிசு விடுபட்டால் வாங்குபவர் வீடு பறிபோகலாம், நீங்கள் நீதிமன்றத்தில் நிற்க நேரலாம். இறந்துபோன அண்ணன் தம்பிகளின் குடும்பத்தையும் மறக்க வேண்டாம். பங்குதாரர்களில் மைனர் இருந்தால் வக்கீலைக் கேட்டு, நீதிமன்ற அனுமதியோடு மட்டும் நகருங்கள்.

வர முடியாதவர் பவர் (தன் சார்பில் கையெழுத்திட வேறொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் வைத்து விற்கும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவரின் வாழ்நாள் சான்றும் பதிவு அலுவலகத்தில் கேட்பார்கள்.

விலை சொல்வது

மூன்று வேறு விலைகளை நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. அதே டிஎன்ரெஜிநெட்டில் தெருப் பெயர் போட்டால் வரும். இரண்டாவது, அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்ளும் விலை. மூன்றாவது, வங்கி ஒப்புக்கொள்ளும் மதிப்பு.

அக்கம்பக்கத்துப் பேச்சைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. உங்கள் தெருவில் சமீபத்தில் கைமாறிய மனைகளின் சர்வே எண்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். எந்தத் தேதியில், எவ்வளவு பரப்பு, எவ்வளவு தொகைக்குப் பதிவானது என்று தெரியும். பதிவான தொகை உண்மை விலையைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனாலும் அடிமட்டம் எங்கே இருக்கிறது என்று புரியும். அப்புறம் வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து கொடுக்கும் ஒரு மதிப்பீட்டாளரை அழைத்து அறிக்கை வாங்குங்கள். வருமான வரிக்கும் அது பின்னால் உதவும்.

முப்பது வருட வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் சொல்வார்கள்: "மனை விலைதான் சார் தர முடியும், கட்டடத்துக்கு என்ன இருக்கு?" எங்கள் மனை 1,800 சதுர அடி. மனைக்குச் சதுர அடி 3,500 வைத்து 63 லட்சம், கட்டடத்துக்கும் போர் கிணற்றுக்கும் சேர்த்து 9 லட்சம், ஆக 72 என்று சொன்னோம். மனையை ஒரு கணக்கு, கட்டடத்தை ஒரு கணக்கு என்று பிரித்துக் காகிதத்தில் எழுதிக் காட்டியது நன்றாக வேலை செய்தது. வீடு முழுதாகக் குடியிருக்கும் நிலையில் இருக்கும்போது அந்த எழுதிய கணக்கின் முன்னால், கட்டடத்துக்கு ஒன்றுமில்லை என்று யாரும் சாதிக்க முடியவில்லை.

வீட்டுக்குள் உட்கார்ந்து மூன்று எண்களை முடிவு செய்துகொள்ளுங்கள்: சொல்லும் விலை, எதிர்பார்க்கும் விலை, இதற்குக் கீழே வேண்டாம் என்ற விலை. கடைசி எண் பங்குதாரர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது, பக்கத்து வீட்டு அக்காவுக்கும்தான்.

போர்டு, விளம்பரம், ஃபோன்

வாசல் போர்டைக் குறைவாக நினைக்காதீர்கள். எங்களுக்கு வீடு விற்றதே போர்டால்தான். அதே ஏரியாவில் வாடகைக்கு இருந்து, பிள்ளைகள் பள்ளி மாறாமல் சொந்த வீடு தேடுகிறவர்கள் சாயங்காலம் வண்டியில் போகும்போது அதைத்தான் பார்க்கிறார்கள். "வீடு விற்பனைக்கு. உரிமையாளர் நேரடி. புரோக்கர் வேண்டாம்" என்று எழுதி, புதிதாக வாங்கிய ஒரு சிம்மின் எண்ணைப் போடுங்கள். விற்று முடிந்ததும் அந்த எண்ணை நிறுத்திவிடலாம்.

இணையத்தில் நோபுரோக்கர், 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஓஎல்எக்ஸ் எல்லாவற்றிலும் போடலாம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் வரி விளம்பரத்துக்கு வயதானவர்களிடமிருந்து இன்னும் ஃபோன் வருகிறது. உறவு, அலுவலகம், தெரு வாட்ஸ்அப் குழுக்களில் சொல்லுங்கள். நாங்கள் எழுதிய விளம்பரம் இது:

"வயலூர் ரோடு அருகில், 30 அடி ரோடு, கிழக்குப் பார்த்த தனி வீடு. மனை 1,800 ச.அடி (30க்கு 60). கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் ஒரு அறை. 1992-இல் கட்டியது, மாடி 1997. போர் தண்ணீர், காவிரி குடிநீர் இணைப்பு. பட்டா, வரைபட அனுமதி உண்டு, கடன் இல்லை. விலை 72 லட்சம். பின்பக்கச் சுவரில் ஓதம் உண்டு, நேரில் காட்டுகிறோம்."

கடைசி வரியைத் தங்கை எடுக்கச் சொன்னாள். நான் விடவில்லை. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. அதோடு, அந்த வரியைப் படித்துவிட்டு வந்தவர்கள் ஓதத்தைக் காட்டி விலையைக் குறைக்கவில்லை. தெரிந்தே வந்திருந்தார்கள்.

புரோக்கர் வேண்டாம் என்று எழுதினாலும் புரோக்கர்கள் கூப்பிடுவார்கள். "பார்ட்டி ரெடியா இருக்கு, ஒரு தடவை வீட்டைக் காட்டுங்க" என்பார்கள். கோபப்பட வேண்டியதில்லை, அது அவர்கள் பிழைப்பு. "எங்க பக்கம் கமிஷன் கிடையாதுங்க, பார்ட்டிகிட்ட நீங்க பேசிக்குங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லி, அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் பதிவு அன்று அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள்.

ஃபோனில் "லாஸ்ட் என்ன விலை?" என்று கேட்பவருக்கு, "வீட்டை வந்து பாருங்க, பிடிச்சிருந்தா உட்கார்ந்து பேசுவோம்" என்பதைத் தவிர வேறு பதில் வேண்டாம். பத்திர நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். பத்திர நகலும் ஆதார் நகலும் சேர்ந்து கண்டவர் கையில் இருப்பது ஆள்மாறாட்டத்துக்கு வழி. விலை பேசி முடிந்த பிறகு, வக்கீலிடம் காட்டுவதற்காக மட்டும், ஒவ்வொரு பக்கத்திலும் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று பேனாவால் குறுக்கே எழுதி நகல் கொடுங்கள். அசலை உங்கள் வீட்டில் வைத்தே பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டைக் காட்டுவது காலை பத்து மணிக்குள் நல்லது. வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. இரண்டு பேராவது வீட்டில் இருங்கள். வாடகைக்கு விட்டிருந்தால் காலி செய்த பிறகு விற்பது எளிது.

வந்தவரிடம் பணம் இருக்கிறதா?

இதைக் கேட்க நமக்குக் கூச்சம். கேட்டே ஆக வேண்டும். வங்கிக் கடனில் வாங்குகிறவர் என்றால் கணக்கு இப்படி: வீட்டுக் கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 68 லட்சத்தில் அது 54,40,000. மீதி 13,60,000 அவர் கையிலிருந்து வர வேண்டும். பத்திரச் செலவு தனி: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 6,12,000. இது வழக்கமாக வாங்குபவர் பொறுப்பு. அதாவது சுமார் 20 லட்சம் கைப்பணமும், 54 லட்சத்துக்குத் தவணை கட்டும் சம்பளமும் இருப்பவர்தான் இந்த வீட்டை வாங்க முடியும். "லோன் ப்ரீ-அப்ரூவல் வாங்கியிருக்கீங்களா, கைப்பணம் எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நிஜமாக வாங்க வந்தவர் சங்கடப்பட மாட்டார்.

இன்னொரு வகையினரிடம் கவனமாக இருங்கள். ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஒரு வருட அவகாசம் கேட்டு, "நான் சொல்ற ஆளுக்குப் பத்திரம் பண்ணிக் கொடுக்கணும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பார்கள். அவர்கள் உங்கள் வீட்டை வாங்க வரவில்லை. அந்த ஒப்பந்தத்தை வைத்து அதிக விலைக்கு வேறொருவருக்குக் கைமாற்ற வந்தவர்கள். ஆள் கிடைக்காவிட்டால் உங்கள் வீடு வருடக்கணக்கில் முடங்கும்.

பேரமும் ஒப்பந்தமும்

எங்கள் வீட்டை வாங்கியவர் பள்ளி ஆசிரியர். 62-இல் ஆரம்பித்தார். அம்மா காபி கொடுத்துவிட்டு, "தம்பி, சமையல்கட்டுல தண்ணி கஷ்டம்னு ஒரு நாள் கூட நான் சொன்னதில்ல" என்றார். மூன்று தடவை வந்து போன பிறகு 68-இல் நின்றது. விலை படிந்த அன்றே டோக்கன் அட்வான்ஸ் வாங்கலாம், வங்கிக் கணக்கு வழியாக மட்டும்.

இதை அழுத்திச் சொல்கிறேன். வீடு, மனை விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2015 முதல் வருமான வரிச் சட்டம் அப்படி. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கிய நம் தலையில். பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்று கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினோம். முழுத் தொகையும் வங்கியில் வந்தால்தான் அந்தப் பணத்தில் நீங்கள் நாளைக்கு இன்னொரு வீடு வாங்கும்போது நிம்மதியாகக் கணக்குக் காட்ட முடியும்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம். பல பேர் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். தகராறு வந்தால் அந்தத் தாள் பலவீனமானது. ஆனால் பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறும் என்பதையும், அதை ரத்து செய்ய இருவரும் வந்து கையெழுத்திட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அதனால்தான் ஆளைச் சரியாகப் பார்த்த பிறகு ஒப்பந்தம் போடச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தில் முழு விலை, அட்வான்ஸ் (பத்து சதவீதம் வழக்கம்), எந்தத் தேதிக்குள் பத்திரம், யார் பின்வாங்கினால் அட்வான்ஸ் என்ன ஆகும், முழுப் பணம் வரும்வரை வீடு விற்பவர் வசமே இருக்கும் என்பவை தெளிவாக இருக்கட்டும். அவகாசம் மூன்று மாதம் போதும். வங்கிக் கடனுக்கு அதற்குள் ஏற்பாடு ஆகிவிடும். அட்வான்ஸ் வாங்கியாச்சே என்று சாவியைக் கொடுத்து, "பெயிண்ட் அடிச்சுக்கறோம்" என்பதற்கும் சம்மதிக்காதீர்கள். ஆள் உள்ளே போன பிறகு பாக்கி வாங்குவது பெரும்பாடு.

பத்திர வரைவு

பத்திரத்தை வாங்குபவரின் வக்கீலோ ஆவண எழுத்தரோ எழுதுவார். வரைவைப் பதிவுக்கு நான்கு நாள் முன்பே கேட்டு வாங்கி, வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் வரைவில் நான்கெல்லையில் வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்தது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தவர், "நம்ம வடக்கால காலி மனைல்ல?" என்றார். அப்படித்தான் பிடித்தோம். பெயர் எழுத்து ஆதாரோடு ஒத்துப் போகிறதா, பழைய சர்வே எண், புதிய சர்வே எண், பரப்பு, தொகை, வரைவோலை எண்கள் எல்லாவற்றையும் பாருங்கள். பதிவான பிறகு திருத்தினால் பிழைதிருத்தல் பத்திரம், மறுபடி எல்லோரும் அலைச்சல்.

உண்மையான விலையைப் பத்திரத்தில் போடுங்கள். வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போட்டால் குறைவு முத்திரைத் தீர்வை என்று கோப்பு மாவட்டத்துக்குப் போகும், பத்திரம் கைக்கு வர மாதங்கள் ஆகும்.

பதிவு நாள்

ஆடியில் யாரும் பத்திரம் போட மாட்டார்கள். ஆடிப்பெருக்கு மட்டும் விதிவிலக்கு. ஆவணி, தை மாத முகூர்த்த நாட்களில் கூட்டம் தாங்காது. அந்த நாட்களில் பதிவுத்துறையே ஓர் அலுவலகத்துக்கு 100 டோக்கனுக்குப் பதில் 150 என்று கூட்டிக் கொடுப்பது வழக்கம். வாங்குபவர் நாள் பார்க்கட்டும். நீங்கள் நேரம் மட்டும் பாருங்கள்: வங்கி திறந்திருக்கும் நாளாக, முற்பகலாக இருக்கட்டும்.

கொண்டுபோக வேண்டியவை அசல் பத்திரம், ஆதார், பான், பட்டா, வரி ரசீது. சாட்சி இருவர், அவர்களுக்கும் அடையாள அட்டை. வயதானவர்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். அம்மாவுக்கு விரல் ரேகை நான்கு தடவை வைத்தும் பதியவில்லை. ஈரத்துணியால் துடைத்து, அழுத்தி, மறுபடி வைத்தும் பயனில்லை. கடைசியில் கருவிழியைப் படமெடுத்துத்தான் நடந்தது. எழுந்து நடமாட முடியாதவர் என்றால் தனிக் கட்டணம் கட்டி, பதிவு அதிகாரியை வீட்டுக்கே வரவழைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பணம்தான் முக்கியம். வரைவோலை என்றால் முந்தின நாளே நகல் வாங்கி, கொடுத்த கிளைக்கு நேராகப் போய் உண்மையா என்று விசாரித்துவிடுங்கள். ஆர்டிஜிஎஸ் என்றால் உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதை நீங்களே திறந்து பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவர் காட்டும் ஃபோன் திரைப் படத்தை நம்ப வேண்டாம். சார்பதிவாளர் "பணம் முழுசா வந்துடுச்சா, சம்மதமா?" என்று கேட்பார். அதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் கடைசி. வரவில்லை என்றால் வரவில்லை என்று அங்கேயே சொல்லுங்கள்.

வரி

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். எங்களுக்கு 68,000. விற்பவர் மூன்று பேர் என்பதால் மூன்று பான் எண்ணிலும் பிரித்துக் கட்டச் சொன்னோம். அது கட்டியதற்கான சான்றிதழை வாங்கி, வருமான வரித் தளத்தில் வரவு வந்ததா என்று பாருங்கள். விற்பவரில் ஒருவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்கு இந்த ஒரு சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடித்தம் கூடுதல். ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர், பணவீக்கத்தைக் கழித்துவிட்டு 20 சதவீதம் என்று கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001-க்கு முந்தைய வீடு என்றால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை, அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். மதிப்பீட்டாளர் அறிக்கை இங்கேதான் உதவும். இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ, போட்ட தொகை அளவுக்கு வரி விலக்கு உண்டு. வீடு வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து வருடம் எடுக்க முடியாது.

சாவி கொடுக்கும்போது

ஒரு தாளில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தேதி, எத்தனை சாவி, எந்தெந்த அசல் ஆவணங்கள் கொடுக்கப்பட்டன, மின் மீட்டர் அளவு, கடைசியாக வரி கட்டிய அரையாண்டு. மீட்டரை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு, சொத்துவரி, குடிநீர் இணைப்பு மூன்றும் அவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். அதுவரை வரி பாக்கி நோட்டீஸ் உங்கள் பெயரில்தான் வரும். கொடுத்த ஆவணங்கள் அனைத்துக்கும் ஒரு நகல் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

அம்மா அந்தத் தாளின் கீழே தன் கையெழுத்தில் மூன்று வரி சேர்த்தார். காவிரித் தண்ணீர் வருவது பின்கட்டுக் குழாயில், காலை ஐந்தரைக்கு. மாடித் தொட்டியின் வால்வு இடப்பக்கம் திருப்பினால் மூடும். முருங்கையைத் தை முடிந்ததும் வெட்டி விட வேண்டும்.